மந்தைத் தெருவில் டிவிகள் நின்ற வருடம்

அனுமந்தன்பட்டி மந்தைத் தெருவில் ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், சாயங்காலச் சீரியல் ஓடிக்கொண்டிருந்தபோது, எல்லா வீட்டு டிவிகளும் ஒரே நேரத்தில் நின்றன. அடுத்த ஆவணி வந்து போகும் வரை அவற்றில் ஒன்றுகூட எரியவில்லை. பன்னீர் திராட்சைக்கு விலை இறங்கிய வாரம் அது. சாரல் பிந்திப் பெய்ததில் பழமெல்லாம் கொடியிலேயே வெடித்துக் கிடந்தது. தெரு ஏற்கெனவே எரிச்சலில்தான் இருந்தது. கரன்ட் இருந்தது. மின்விசிறி சுற்றியது, மிக்சி அரைத்தது, தெருமுக்கு மாவு மில் எப்போதும் போல் இரைந்தது. டிவிகளின் அடியில் அந்தச் சின்னச் சிவப்பு விளக்குகூட எரிந்தது. ரிமோட்டை அழுத்தினால் மட்டும் ஒன்றும் நடக்கவில்லை. கேபிள்காரரைத் திட்டினார்கள். படம் வராவிட்டால் என்னைத் திட்டுங்கள், பெட்டியே எழாவிட்டால் நான் என்ன செய்வது என்று கேட்டுவிட்டு அவர் போனார். நியாயமான கேள்விதான். லைன்மேன் கம்பத்தில் ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு, கம்பியில் ஒரு குறையும் இல்லை என்றார்.

முதலில் மெக்கானிக்கைக் கூப்பிட்டவள் அக்கம்மாள். திராட்சைத் தோட்டங்களுக்குக் காய் கழிக்கும் வேலைக்குப் போகிறவள். கணவன் போய் வெகுகாலமாகிவிட்டது. சூரியபிரகாஷ் என்று ஒரே மகன். நல்ல வாட்டசாட்டம். பழக்கூடைகளை மற்றவர்கள் ஒவ்வொன்றாகச் சுமந்தால் அவன் இரண்டிரண்டாகச் சுமப்பான். இந்தப் பக்கத்துப் பையன்கள் பலரையும் போல அவனும் முறுக்குச் சுட்டு விற்கும் கும்பல் ஒன்றோடு மகாராஷ்டிரப் பக்கம் போனான். முதல் தடவை ஊர் திரும்பியபோது சுவர் அகலத்துக்கு ஒரு டிவி வாங்கி வந்து மாட்டிவிட்டு, நான் இல்லாத நேரத்துக்கு இது பேசும் என்று சொல்லிவிட்டு மறுபடி போனான். கொஞ்ச நாள் போன் வந்தது. பிறகு அது அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக இந்தியில் ஒரு பெண் சொல்ல ஆரம்பித்தாள். அழைத்துப் போனவனைக் கேட்டால், பையன் வேறு ஊருக்கு மாறிவிட்டான் என்றான். அக்கம்மாள் புகார் கொடுத்தாள், குறி கேட்டாள், நம்பினாள். டிவி ஓடிக்கொண்டிருந்த வரையில் மகனே வாங்கி வைத்த சத்தம் வீட்டில் இருந்தது. அது நின்றதும் வீடு அவளுக்கு வாயடைத்துப் போயிற்று.

மெக்கானிக்கின் பெயர் அப்துல் அஜீஸ். உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை. பேச்சில் சிக்கனம், நாளைக்கு ரெடியாகிவிடும் என்று சொல்வதில் மட்டும் தாராளம். அந்தத் தொழிலில் அது பொய்க் கணக்கில் வராது. அவர் முறையாகத்தான் பார்த்தார். ரிமோட்டுக்குப் புது பேட்டரி போட்டார், பிளக்கை வேறு பாயின்ட்டில் மாற்றினார், இருண்ட திரையில் டார்ச் அடித்து உள்ளே மங்கலாகப் படம் தெரிகிறதா என்று தேடினார். பின்மூடியைக் கழற்றினார். ஃபியூஸ் போகவில்லை, கபாசிட்டர் உப்பவில்லை, இந்தப் பக்கத்து டிவிகளில் பாதியைக் கெடுக்கும் பல்லியும் உள்ளே செத்துக் கிடக்கவில்லை. மீட்டரை வைத்த இடத்திலெல்லாம் வரவேண்டிய வோல்ட் வந்தது. அக்கம்மாள் பக்கத்தில் குத்தவைத்து அந்தச் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த லைட்டு எரியுதே பாய், அப்ப உசுரு இருக்குன்னுதான அர்த்தம்?"

"ஆமாக்கா. கரன்ட் உள்ள வந்து காத்துக்கிட்டுதான் இருக்கு. எந்திரின்னா எந்திரிக்க மாட்டேங்குது, அம்புட்டுத்தான்."

பெட்டியைக் கடைக்கு எடுத்துப் போனார். கடையில் மாட்டியதும் பளிச்சென்று எரிந்தது. மொபெட்டில் கட்டித் திரும்பக் கொண்டுவந்தார். மந்தைத் தெருவில் நின்றுவிட்டது. மற்ற வீட்டுப் பெட்டிகளும் அப்படியே. உத்தமபாளையத்தில் எரிந்தன, இங்கே அணைந்தன. தெருக்காரர்கள் சனி பார்வை என்று முடிவு கட்டி ஒரு சனிக்கிழமை வேன் பிடித்துக் குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குப் போய், எள் விளக்கு ஏற்றி, ரிமோட்டுகளையெல்லாம் ஒரு தாம்பாளத்தில் வைத்து நீட்டினார்கள். பூசாரி தாம்பாளத்தையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கேள்வி கேட்காமல் தீபாராதனை காட்டினார். பலன் இல்லை. கைபேசிகளில் மட்டும் எல்லாம் ஓடியது. அது ஏன் என்று அப்போது யாருக்கும் விளங்கவில்லை.

அஜீஸுக்கு அது கௌரவப் பிரச்சினை ஆகிவிட்டது. ஒரு நாள் தள்ளுவண்டி ஒன்றில் தெருவிலிருந்து வந்திருந்த பழைய டிவி ஒன்றையும் இன்வர்ட்டர் பேட்டரியையும் ஏற்றி, எரிந்த நிலையிலேயே தெருவுக்குள் தள்ளிக்கொண்டு வந்தார். மாவு மில் முக்கைத் தாண்டியதும் அணைந்தது. பின்னால் இழுத்தார், எரிந்தது. சுற்றிப் போய் மறுகோடியிலிருந்து வந்தார். பிள்ளையார் கோயிலைத் தாண்டியதும் அணைந்தது. டீக்கடையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த கர்ணன் கிளாஸைக் கீழே வைத்தார். தெருவுக்குப் பெரியதனம் செய்கிறவர் அவர்.

"பாய், மில்லு முக்குல இன்னொருக்கா தள்ளுங்க."

தள்ளினார். அணைந்தது. கர்ணன் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தார். அஜீஸை ஓரமாகக் கூட்டிப் போய் அவர் சொன்ன விஷயம் இது. பல வருடங்களுக்கு முன், இலவச டிவிகள் வீட்டுக்கு வீடு வந்திருந்த காலம். கர்ணனின் அப்பா செத்துப் பெஞ்சில் கிடத்தியிருந்தபோது, பக்கத்து வீட்டு டிவியில் காமெடி ஓடி, அந்த வீட்டார் வாய்விட்டுச் சிரித்தது துக்க வீட்டுக்குக் கேட்டது. கர்ணனால் அதைப் பொறுக்க முடியவில்லை. காரியம் முடிந்த கையோடு தெருவைக் கூட்டி, வீடு வீடாகச் சூடத்தட்டோடு போய், ஒவ்வொருவரையும் அவரவர் டிவியின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார். மில் முக்கிலிருந்து பிள்ளையார் கோயில் வரைக்கும், இந்தத் தெருவின் உயிர் ஒன்று போனால் அதை எடுக்கும் வரை இந்தப் பெட்டி ஓடாது. அதற்குப் பிறகு யார் புது டிவி வாங்கினாலும் பூவும் பொட்டும் வைத்து அதே சத்தியத்தைச் செய்வது வழக்கமாகிவிட்டது. சூரியபிரகாஷும் செய்திருந்தான். கைபேசி மேல் யாரும் கைவைத்துச் சத்தியம் செய்ததில்லை. சத்தியம் மனிதர்களுடையது, ஆனால் கை பட்டது பெட்டிகளின் மேல். மனிதர்கள் மறந்தாலும் அவை நினைவில் வைத்திருந்தன.

"அப்ப எடுக்காத ஒண்ணு இருக்குன்னு சொல்றீக," என்றார் அஜீஸ்.

"தெருவுல யாரும் சாகலையே பாய்," என்றார் கர்ணன். சொல்லிவிட்டு, தெருவை விட்டு வெளியூர் போனவர்களை விரலில் எண்ண ஆரம்பித்தார்.

அன்று விளக்கு வைப்பதற்குள் செய்தி எல்லா வீட்டுக்கும் போனது, ஒரு வீட்டைத் தவிர. ஒவ்வொருவரும் வெளியில் இருக்கும் தங்கள் ஆட்களுக்குப் போன் போட்டார்கள். திருப்பூரில் இருந்தவன் எடுத்தான். குவைத்தில் இருந்தவன் என்ன இந்த நேரத்தில் என்று சலித்துக்கொண்டான். மலைமேல் ஏலத்தோட்டத்தில் தங்கியிருந்தவளுக்கு டவர் கிடைக்கவில்லை; அவள் அம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு திரும்பத் திரும்ப அழுத்தி, கடைசியில் மகளின் ஹலோவைக் கேட்டதும் பேசாமலே வைத்துவிட்டாள். எல்லாரும் எடுத்தார்கள். தெருவில் எல்லாக் கண்களும் ஒரு வீட்டின் பக்கம் போய், உடனே தரைக்கு இறங்கின. அக்கம்மாள் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

யார் சொல்வது என்ற பேச்சு ஒரு வாரம் நடந்தது. கடைசியில் கர்ணன் அஜீஸிடம் வந்தார். "நாங்க சொன்னா தாங்க மாட்டா. நீங்க மிசினப் பத்திச் சொல்ற மாதிரி பட்டுன்னு சொல்லிருங்க பாய்," என்றார். அஜீஸ் போனார். பின்மூடியைத் திறந்தார், மீட்டரை எடுத்தார், வைத்த இடத்திலேயே மறுபடி வைத்தார். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் கோத்து வைத்திருந்தார். அக்கம்மாள் சிவப்பு விளக்கைத் துடைத்துவிட்டு, ஏதாச்சும் தெரிஞ்சுச்சா பாய் என்று கேட்டாள். அவர் வாயிலிருந்து தொழில் பழக்கம்தான் வந்தது.

"ஒரு போர்டு போயிருக்குக்கா. மதுரையில இருந்து வரணும். வந்தா சரியாப் போகும்."

அதன் பிறகு அவர் அடிக்கடி அந்த வீட்டுக்கு வந்தார். சும்மா மூடியைத் திறந்து தூசி தட்டுவார். போர்டு வந்துருச்சா பாய் என்று அவள் கேட்பாள். இன்னும் வரலைக்கா என்பார். அவள் டீ கொடுப்பாள். மூடியைத் திரும்ப மாட்ட அவருக்கு மனம் வரவில்லை; திருகுகளை ஒரு தீப்பெட்டியில் போட்டு டிவிக்குக் கீழே வைத்துவிட்டுப் போவார்.

தெரு தானாகவே துக்கம் காக்க ஆரம்பித்தது. யாரும் சொல்லி வைத்துச் செய்யவில்லை. பந்தலும் மைக்செட்டும் தெருவுக்குள் வரவில்லை, கல்யாணங்கள் மண்டபத்துக்குப் போயின. ஐப்பசியில் தீபாவளி வந்தபோது ஒருவர் திராட்சை விலையைக் காரணம் சொன்னார், ஒருவர் பல்வலி என்றார், ஒரு வீட்டில் எண்ணெய்ச் சட்டி ஓட்டையாகிவிட்டது என்றார்கள். வெடிச் சத்தமே இல்லை. அந்த வருடம் மந்தைத் தெருவில் தீபாவளி கொண்டாடிய ஒரே வீடு அக்கம்மாளுடையது. அவள் அதிரசம் சுட்டாள், மகனுக்கு எடுத்திருந்த சட்டைக்கு மஞ்சள் தடவி வைத்தாள், அதிரசத்தைத் தூக்குவாளியில் போட்டு எல்லா வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தாள். வாங்கியவர்கள் அவள் முன்னாலேயே தின்றார்கள், தலையைத் தூக்காமல். துக்க வீட்டுக்காரி கையால் பலகாரம் வாங்கித் தின்ன நேர்ந்ததே என்று கர்ணன் தோட்டத்துக்குப் போய் அழுதார். அந்த மனிதர் தன் அப்பனுக்குக்கூட அவ்வளவு அழுததில்லை.

மறு ஆவணியில் சண்முகராஜ் செத்தார். கர்ணனின் சித்தப்பா, படுத்த படுக்கையாகக் கிடந்தவர். கடைசி ஒரு வருடம் இருண்ட டிவியைப் பார்த்துப் பார்த்து அதற்கே கதை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மருமகள் கயல்தான் எல்லாம் பார்த்தாள். தெரு ஒரு நப்பாசையோடு அவரைத் தூக்கியது. ஒருவேளை இந்தச் சாவுக்காகத்தான் பெட்டிகள் முன்கூட்டியே நின்றனவோ என்னவோ. கிழவர்தானே, இழுத்துக்கொண்டு கிடந்தார்தானே. பிணம் மில் முக்கைத் தாண்டியதும் பெண்கள் வாசலைக் கழுவிவிட்டு, தலைக்குக் குளித்துவிட்டு, வீட்டுக்கு வீடு ரிமோட்டை அழுத்தினார்கள். எதுவும் எரியவில்லை. கயல் ரிமோட்டோடு வாசலுக்கு வந்தாள். எதிரே அக்கம்மாள் ஈரத்தலையோடு நின்றிருந்தாள். கயல் ரிமோட்டைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்றுதான் அக்கம்மாளுக்குத் தெரிந்தது என்று தெருவில் சொல்வார்கள். அது தப்பு. மறுநாள் காலை அவள் பஸ் ஏறி உத்தமபாளையம் வந்து அஜீஸின் கடை வாசலில் நின்றாள். அவர் ஏதோ ஒரு போர்டில் ஈயம் வைத்துக்கொண்டிருந்தார்.

"பாய், அந்தப் போர்டு வராதுல்ல?"

அஜீஸ் ஈயம் வைக்கும் கோலை அதன் தாங்கியில் வைத்தார். "வராதுக்கா."

"எனக்குத் தெரியும். அன்னைக்கு நின்னுச்சுல்ல, அப்பவே அடிவயிறு சொல்லிருச்சு. நீங்க வரணும் வரணும்னு சொன்னீகளா, நானும் சரி வரட்டும்னு இருந்துட்டேன்." அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். "நேத்து எல்லாரும் டிவியப் போட்டாக. எரியலைன்னதும் ஒருத்தரும் என் வீட்டுப் பக்கம் பாக்கலை. எனக்காக எம்புட்டு நாளைக்குத்தான் ஒரு தெருவே கழுத்தத் திருப்பிக்கிட்டு நடக்கும்? அவன எடுத்துருவோம் பாய்."

அஜீஸ் கோலின் பிளக்கைப் பிடுங்கினார். அவள்தான் அவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள்.

சண்முகராஜின் காரியம் முடிந்து புரட்டாசி பிறந்ததும் எடுத்தார்கள். உடல் இல்லாதவனுக்கு எப்படிச் செய்வது என்று தெரிந்தவர்களைக் கேட்டு, வைக்கோலை ஆள் உயரத்துக்குக் கட்டி, அந்தத் தீபாவளிச் சட்டையைப் போட்டு, வேட்டி சுற்றிப் பாடையில் கிடத்தினார்கள். அக்கம்மாள் அதன் தலைமாட்டில் உட்கார்ந்து, ஒரு வருடமாக விழுங்கி வைத்திருந்ததையெல்லாம் அழுதாள். தெருப் பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவர்களுக்கும் அது ஒரு வருடத்து அழுகை. தூக்கும் நேரம் வந்ததும் அவள் அஜீஸைப் பார்த்து, "நீங்களும் ஒரு தோள் குடுங்க பாய், நீங்கதான அவனக் கூடவே இருந்து பாத்தீக," என்றாள். அவர் தொப்பியை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு வந்தார். முன்னால் ஒரு பக்கம் அவர், மறுபக்கம் கர்ணன்.

வைக்கோல்தானே என்று நினைத்துத் தூக்கியவர்களுக்குத் தோள் அழுந்தியது. வைக்கோலுக்கு உண்டான எடை இல்லை அது. ஒரு மனிதனின் எடை, நடக்க நடக்க இடுப்புப் பக்கம் லேசாக அசைந்து கொடுக்கிற எடை. பின்னால் தூக்கியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கர்ணனுக்கு சூரியபிரகாஷின் எடை தெரியும். பையன் வளர்ந்து ஆளான பிறகு ஒரு முறை மாடு முட்டிக் கால் ஒடிந்து கிடந்தபோது, தோட்டத்திலிருந்து ரோடு வரைக்கும் முதுகில் சுமந்து வந்தவர் அவர்தான். அந்த எடைக்கு மூச்சு வாங்கி இரண்டு இடத்தில் இறக்கி வைத்துத்தான் கொண்டு வந்தார்.

"என்ன பாய்," என்றார் கர்ணன், வாய்க்குள்ளேயே. "இம்புட்டுத்தான் இருக்கான்."

அஜீஸ் பாடைக் கம்பை இன்னொரு கையாலும் பிடித்துக்கொண்டார். அவர் தோளில் இருந்தது வளர்ந்த ஆளின் நீளம். எடை மட்டும் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் எடை. அந்த ஊரில் அவன் என்ன தின்றான், தின்றானா இல்லையா என்பதெல்லாம் அதில் இருந்தது. கர்ணன் சுடுகாடு வரைக்கும் தோள் மாற்றாமல் அழுதுகொண்டே போனார்.

பெண்கள் மில் முக்கு வரைக்கும் வந்து நின்றார்கள். பாடை அந்த முக்கைத் தாண்டியதும், அவர்கள் முதுகுக்குப் பின்னால், தெருவில் இருந்த எல்லா டிவிகளும் ஒரே நேரத்தில் ஓட ஆரம்பித்தன. யாரும் ரிமோட்டைத் தொடவில்லை. சீரியலில் மருமகள் போன வருடம் ஆவணியில் பாதியில் விட்டிருந்த வாக்கியத்தைச் சொல்லி முடித்தாள். அந்தச் சீரியல் மற்ற ஊர்களில் முடிந்து மாதங்களாகிவிட்டன. அன்று விட்ட இடத்திலிருந்து தொடங்கியதால் மந்தைத் தெருவில் இன்றைக்கும் எல்லாம் ஒரு வருடம் பிந்தித்தான் வருகிறது. தேர்தல் முடிவும் பிந்தி வருகிறது, மழை அறிவிப்பும் பிந்தி வருகிறது. சரி செய்து தரவா என்று அஜீஸ் பின்னொரு நாள் கேட்டதற்கு, நாங்க காத்திருந்தப்ப அதுவும் காத்திருந்துச்சுல்ல, இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். இப்போதெல்லாம் அங்கே டிவி திடீரென்று நின்றால் யாரும் மெக்கானிக்கைக் கூப்பிடுவதில்லை. வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்குத்தான் போன் போடுகிறார்கள்.

ஆனால் இதெல்லாம் பின்னால் நடந்தது. அன்றைக்குச் சுடுகாட்டு வேலை முடிந்து, ஆற்றில் முழுகிவிட்டு, அஜீஸ் ஈர வேட்டியோடு நேரே அக்கம்மாள் வீட்டுக்கு வந்தார். டிவி ஓடிக்கொண்டிருந்தது. படம் வந்ததும் எல்லா டிவிகளிலும் நடப்பது போல, அடியில் இருந்த சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. அவர் தீப்பெட்டியைத் திறந்து திருகுகளை எடுத்து, ஒரு வருடமாகத் திறந்தே கிடந்த பின்மூடியை மாட்ட ஆரம்பித்தார். அக்கம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கடைசித் திருகு இறங்கும்போது கேட்டாள்.

"பாய். தூக்கும்போது கனமா இருந்தானா?"

அஜீஸ் திருகையே பார்த்துக்கொண்டிருந்தார். நாளைக்கு ரெடியாகிவிடும் என்றும், போர்டு வரணும் என்றும் வாழ்நாள் முழுக்கச் சொல்லிப் பழகிய வாய் அது.

"நல்ல கனங்க்கா. கர்ணண்ணன் தோளே இறங்கிப் போச்சு. நாலு பேரும் மாத்தி மாத்தித்தான் கொண்டுபோனோம்."

அக்கம்மாள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

"அப்ப வேளாவேளைக்குச் சாப்பிட்டுத்தான் இருந்திருக்கான்," என்றாள். ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, அவருக்கு டீ போட எழுந்து போனாள்.